கல்யாணமும் பழைய ஃபிலிம் கேமராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். பிழைப்பு டிஜிட்டலில்தான். ஆனால் பையில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். புக்கிங்குக்காகப் பேசுகிறவர்களும், கேமரா வாங்க ஆசைப்படும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

முழுக் கல்யாணத்தையும் ஃபிலிமிலேயே எடுத்துத் தருவீர்களா?

மாட்டேன். தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டியதும் நாதஸ்வரமும் தவிலும் எகிறும். முன்வரிசையில் இருந்த பெரியப்பா சித்தப்பாக்கள் அட்சதையோடு எழுந்து நிற்பார்கள். நாத்தனார் முடிச்சுப் போடக் குனிவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து 36-ஆவது படத்தோடு ரோல் தீர்ந்தால் என்ன செய்வது? ரீவைண்ட் செய்து, பின்மூடியைத் திறந்து, புது ரோலின் நுனியைச் சொருகி நிமிர்வதற்குள் தம்பதி அக்னியைச் சுற்ற ஆரம்பித்திருப்பார்கள்.

அந்த இடத்துக்கு டிஜிட்டல்தான் சரி. வெளிச்சத்தை உணரும் திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணை 6400 வரை தைரியமாக ஏற்றலாம், இரண்டு கார்டிலும் ஒரே சமயம் பதியும். தாலி கட்டுவதை ஃபிலிமில் மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்படியானால் ஃபிலிம் எதற்கு?

உட்கார்ந்திருப்பவர்களுக்கு. தாலி ஏறி, டிபன் பந்தி ஓய்ந்த பிறகு மண்டபத்தில் ஒரு மந்தமான நேரம் வரும். பெரியவர்கள் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது யாஷிகாவை வெளியே எடுப்பேன். இரட்டை லென்ஸ் கேமரா, கழுத்தில் தொங்கும், மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேராக எந்தக் கருவியும் நீட்டப்படுவதில்லை. படம் எடுப்பவன் தலையைக் குனிந்து நிற்கிறான், அவ்வளவுதான். எதனாலோ தெரியவில்லை, பெரியவர்களுக்கு அது பிடிக்கிறது. "அந்தக் காலத்து கேமரால்ல இது" என்று சொல்லிக்கொண்டே துண்டைத் தோளில் சரி செய்துகொள்வார்கள்.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் பலர் வாழ்க்கையில் முதல் படத்துக்கு ஸ்டூடியோ முக்காலியில் உட்கார்ந்தவர்கள். "அசையாமல் இருங்கள், மூச்சைப் பிடியுங்கள்" என்று கேட்டு வளர்ந்தவர்கள். கேமரா முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிஜிட்டல் கேமராவைத் தூக்கினால் இதே ஆட்கள் பேரனிடம் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் இருபது படம் எடுத்து ஒன்றைப் பொறுக்குவேன். இந்தப் பெட்டியைக் கண்டதும் நேராக நிமிர்ந்து உட்கார்கிறார்கள். ஒன்று எடுப்பேன், போதும். ஃபிலிமை நான் சுமந்து திரிவதற்குக் காரணம் நிறமோ குருணையோ (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) அல்ல, இந்த உட்காரல்தான்.

இதில் லென்ஸ் வயிற்று உயரத்தில் இருப்பதால் நிற்பவர்களைச் சற்றுக் கீழிருந்து பார்க்கும். குடும்ப குரூப் போட்டோவில் ஆட்கள் கொஞ்சம் கம்பீரமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மணப்பெண்ணையும் எடுப்பதுண்டு, முகூர்த்தம் ஒன்பது மணிக்குமேல் இருந்து, மணமகள் அறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால். நாலரை மணி முகூர்த்தத்துக்கு ஜன்னல் இருந்தும் பயனில்லை.

என்னென்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்?

அதிகம் எடுப்பது யாஷிகா மேட் 124ஜி. 1970-இலிருந்து 1986 வரை தயாரானது. 120 என்ற அகலமான ஃபிலிமில் 12 படமும், இப்போது அரிதாகிவிட்ட 220 ஃபிலிமில் 24 படமும் எடுக்கலாம், பெயரில் உள்ள 124 அதைத்தான் குறிக்கிறது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 500-இல் ஒரு பங்கு நொடி வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேரும். உச்சி வெயிலில் பந்தலுக்கு வெளியே நிற்பவர்களின் முகத்தில் விழும் நிழலை ஃபிளாஷ் போட்டு நிரப்ப இது பெரிய வசதி. ஷட்டர் ஃபிலிமுக்கு முன்னால் திரையாக ஓடும் பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவில் ஃபிளாஷோடு 60-இல் ஒரு பங்கு நொடிக்கு மேல் வேகம் போனால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

அடுத்தது நிகான் எஃப்எம்2. 1982-இல் வந்தது. 4000-இல் ஒரு பங்கு நொடி வரை போகும், எல்லாம் எந்திர வேலை. பேட்டரி செத்துப்போனால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும்தான் நிற்கும், ஷட்டர் நிற்காது.

ஒரு ஆக்ஃபா கிளிக் 3 உண்டு. இந்தியாவிலேயே தயாரான பெட்டி கேமரா, ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். அதைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோவதில்லை.

டிஜிட்டலில் ஃபில்டர் போட்டாலே ஃபிலிம் மாதிரி வந்துவிடுகிறதே?

நிறம் வரும். போனில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, தெரியும் என்று சொல்லி உங்களிடம் காசு வாங்க மாட்டேன்.

வித்தியாசம் வெள்ளை வேட்டியில் இருக்கிறது. நம் கல்யாணத்தில் கறுத்த முகத்துக்கு அரையடி கீழே பளீரென்று வெள்ளைச் சட்டை, அதற்குப் பக்கத்தில் ஜரிகை மின்னும் கூறைப்புடவை. மூன்றும் ஒரே படத்தில் நிற்க வேண்டும். டிஜிட்டலில் வெள்ளை ஒருமுறை வெளுத்துப்போனால் அதிலிருந்து ஒன்றும் மீட்க முடியாது. அதற்குப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் இருட்டாகும், பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கலர் நெகட்டிவ் இதற்கு நேர் எதிர். வெளிச்சம் குறைந்தால் சேறாகிவிடும், கூடினால் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கவலையில்லாமல் தாங்கும். அதனால் முகத்துக்கு மட்டும் அளவு பார்த்து எடுக்கிறேன். வேட்டியை ஃபிலிம் பார்த்துக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போது ஃபிலிமின் பழைய குறையையும் சொல்ல வேண்டும். லேப்களில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த அட்டையில் பல காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது, ஷெர்லி கார்டு என்பார்கள். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. எழுபதுகளின் கலர் படங்களில் நம் ஊர் முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி இருந்தால் பழியை ஸ்டூடியோக்காரர்மேல் மட்டும் போடாதீர்கள். இன்றைய போர்ட்ரா மாதிரி ஃபிலிம்கள் மாநிறத்தையும் கறுப்பையும் நன்றாகவே வாங்குகின்றன.

உங்கள் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் போஸ் கொடுக்கலாமா?

கொடுங்கள். ரோல் உள்ளே இருக்கும், பின்மூடியைத் திறந்து பார்க்காமல் இருந்தால் சரி.

மண்டப வெளிச்சத்தில் ஃபிலிம் சரியாக வருமா?

சாதாரணக் கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்கென்று, கிட்டத்தட்ட 5500 கெல்வினுக்குச் செய்தது. டியூப் லைட்டில் பச்சை ஏறும், குண்டு பல்பில் மஞ்சள் ஏறும். ஒரே மேடையில் இரண்டும் இருந்தால் ஒரு கன்னம் பச்சை, ஒரு கன்னம் மஞ்சள். அங்கே இரண்டே வழி: ஃபிளாஷ், இல்லையென்றால் கறுப்பு வெள்ளை. 400 வேகக் (ஐஎஸ்ஓவைத்தான் ஃபிலிமில் வேகம் என்போம்) கறுப்பு வெள்ளை ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டுவேன். குருணையும் அழுத்தமும் கூடும், ஹோமப் புகையோடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ரிசப்ஷன் மேடையில் ஊதாவும் ரோஸும் மாறி மாறி அடிக்கும் எல்ஈடி விளக்குகளுக்கு என்னிடம் மருந்து இல்லை. அதில் டிஜிட்டலும் தோற்கும். டெக்கரேஷன்காரரிடம் பேசும்போதே முன்விளக்கு மட்டும் வெள்ளையாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

அந்தக் காலத்தில் இத்தனை வசதி இல்லாமல் எப்படி எடுத்தார்கள்?

கணக்குப் போட்டு எடுத்தார்கள். உதாரணத்துக்கு ஃபிளாஷை எடுத்துக்கொள்வோம். மெட்ஸ் 45 என்று கைப்பிடியோடு சுத்தியல் மாதிரி ஒரு ஃபிளாஷ் இருந்தது, கல்யாண போட்டோகிராபர்களின் செல்லம். அதன் கைடு நம்பர் 45, அதாவது 100 வேக ஃபிலிமுக்கு மீட்டர் கணக்கில். 45-ஐத் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் துளையின் அளவு கிடைக்கும். மணமக்கள் நாலு மீட்டரில் நின்றால் 11, எட்டு மீட்டரில் நின்றால் 5.6. மேடையில் எந்தப் படியில் நின்றால் எத்தனை மீட்டர் என்று கால் பழகியிருக்கும். வெளிச்ச மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ரோலையும் அப்படித்தான் பார்த்துச் செலவழித்தார்கள். பன்னிரண்டில் பத்தாவது படம் ஓடும்போதே சடங்கு எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். காசி யாத்திரைக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில் மிச்சம் இரண்டை வீணாக்கிவிட்டாவது புது ரோல் போட்டுக்கொள்வார்கள். பழைய கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி கேமராவைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். "அப்படியே ஒரு நிமிஷம்" என்று போட்டோகிராபர் நிறுத்தியிருப்பார், ஐயரும் பொறுத்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு அதைச் செயற்கை என்கிறோம். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். ஒரு முகம்கூட ஆடியிருக்காது.

கழுவிய பிறகும் வேலை இருந்தது. நெகட்டிவின்மேல் கூரான பென்சிலால் தொட்டு அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் மறைப்பார்கள். கறுப்பு வெள்ளைப் பிரிண்ட்டில் உதட்டுக்கும் புடவைக்கும் கையாலேயே வண்ணம் தீட்டுவார்கள்.

ஃபிலிமே நம் மாநிலத்தில் தயாரானதும் உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம், 1967-இலிருந்து உற்பத்தி. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தன. கலர் வந்து அடித்தது, பிறகு டிஜிட்டல் வந்து முடித்தது. ஆலை நின்றுவிட்டது, அந்த இடத்துக்கு இன்றும் இந்துநகர் என்றுதான் பெயர்.

எத்தனை படம் கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?

கல்யாணத்துக்குப் பொதுவாக 120-இல் இரண்டு ரோல், 35 எம்எம்-இல் ஒன்று. அறுபது படம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அத்தனையும் ஆல்பத்துக்குத் தேறாது. கலர் ரோல் ஒன்றை வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய இன்றைக்கு ஆயிரம் ரூபாய் சாதாரணமாகத் தாண்டுகிறது. இதைப் பேக்கேஜில் சேர்ப்பதில்லை. கேட்பவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கு.

எடுத்ததும் பார்க்க முடியாதா?

முடியாது. கலர் ரோல்களைச் சேர்த்து வெளியூர் லேபுக்கு கூரியரில் அனுப்புகிறேன், வர இரண்டு மூன்று வாரமாகும். அன்றிரவே ஸ்டேட்டஸில் வைக்க வேண்டிய படங்கள் டிஜிட்டலில் இருக்கும்.

ரோல் கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?

ஃபிலிமில் எடுக்கும் ஒவ்வொரு நபரையும் அதே இடத்தில் டிஜிட்டலிலும் ஒன்று எடுத்துவிடுவேன். அது அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் இருக்கும். ஃபிலிமுக்கான காசைத் திருப்பித் தந்துவிடுவேன். இதை முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுக்கிறேன், நீங்கள் எந்த போட்டோகிராபரிடம் போனாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாமா?

தாராளமாக. இருட்டறைகூட வேண்டாம். ரோலைச் சுருளில் ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும், கைவிட்டு வேலை செய்யும் கறுப்புப் பை போதும். சுருளை டேங்குக்குள் வைத்து மூடிவிட்டால் மிச்சத்தை அடுப்படியிலேயே செய்யலாம்.

நம் ஊர்ச் சிக்கல் தண்ணீர். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கு (படத்தைத் தோன்ற வைக்கும் ரசாயனம்) சொல்லப்படும் நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. சித்திரையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் முப்பதைத் தாண்டியிருக்கும். அதில் அப்படியே கழுவினால் வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்து, ஒரு பக்கம் அதிகம் ஒரு பக்கம் குறைவு என்று திட்டுத் திட்டாக வரும். ஃபிலிமின் பூச்சும் இளகி நகம் பட்டாலே கீறும். ஒரு பேசினில் ஐஸ் கட்டியைப் போட்டு, ரசாயனப் பாட்டில்களை அதில் உட்கார வைத்து, தெர்மாமீட்டர் 20-க்கோ 24-க்கோ இறங்கிய பிறகு தொடங்குங்கள். 24-இல் கழுவினால் நேரத்தை அட்டவணை பார்த்துக் குறைக்க வேண்டும். கடைசிக் கழுவலுக்கும் அதே குளிர்ச்சியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கலருக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் மூன்றேகால் நிமிடம் இருக்க வேண்டும். வட நாட்டில் குளிர்காலத்தில் அதைச் சூடாக்கப் பாடுபடுவார்கள், கத்தரி வெயிலில் நமக்கு அந்தக் கவலை பாதி குறைவு.

தாத்தாவின் கேமரா பரணில் கிடக்கிறது. ஓடுமா?

முதலில் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே ரோல் இருக்கலாம். ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அப்படியே ஒரு லேபிடம் கொடுத்துவிடுங்கள்.

காலியாக இருந்தால் தோல் உறையைத் தூக்கி எறியுங்கள். மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தை உறிஞ்சி லென்ஸில் பூஞ்சை வளர்ப்பது அதுதான். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் சுத்தம் செய்யலாம், கண்ணாடியின் பூச்சையே தின்றிருந்தால் தழும்பு போகாது. அந்த லென்ஸை நல்ல லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். நல்லவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமையலுக்கு அந்த வாணலி வேண்டாம்.

அப்புறம் ஷட்டர். ஒரு நொடியில் வைத்து அழுத்துங்கள். திறந்தபடி மாட்டிக்கொண்டால் எண்ணெய் இறுகிவிட்டது, பிரித்துத் துடைத்தால் பெரும்பாலும் ஓடும். பின்மூடி ஓரத்து ஸ்பாஞ்ச் கறுப்புப் பிசுக்காகியிருக்கும். சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டுவது பத்தாம் வகுப்புப் பையனே செய்யக்கூடிய வேலை.

முதல் ஃபிலிம் கேமரா எது வாங்கலாம்?

முழுக்க எந்திரமாக ஓடுவதை வாங்குங்கள். கே1000 நல்லது, 1976-இலிருந்து 1997 வரை வந்ததால் உதிரி கிடைக்கிறது. கேனான் ஏஇ-1 பார்க்க அழகு, ஆனால் பேட்டரி இல்லாமல் ஷட்டரே அடிக்காது, உள்ளே சர்க்யூட் போனால் அலங்காரப் பொருள்தான். ஆன்லைனில் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதி விற்பதை, சோதித்துப் பார்த்து ஓடவில்லை என்று படித்துக்கொள்ளுங்கள். மூடப்போகும் ஸ்டூடியோ எதுவும் உங்கள் ஊரில் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். விலையும் குறையும், ஃபிளாஷ் கணக்கும் சொல்லித்தருவார்கள்.

தேதி முடிந்த ஃபிலிம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே?

விளையாடிப் பார்க்கலாம், பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக் கொடுங்கள். அடுத்தவர் கல்யாணத்துக்கு வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியாவில் கல்யாணம் என்றால் ஃபிலிமை எப்படிக் கொண்டுபோவீர்கள்?

கைப்பையில். செக்-இன் பெட்டிக்கு அடிக்கும் கதிர் வலுவானது, ஃபிலிம் மங்கிவிடும். கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது, அதுவும் ஆகாது. ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, வரிசையில் நெருக்கடி குறைவாக இருக்கும்போது கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நெகட்டிவ் யாரிடம் இருக்கும்?

உங்களிடம். அந்தக் காலத்தில் நெகட்டிவ் ஸ்டூடியோவின் சொத்து. மறுபிரிண்ட்டுக்கு அங்கேதான் வர வேண்டும் என்பது வியாபாரம். ஸ்டூடியோ மூடும்போது மூட்டை மூட்டையாகக் கிடந்தவை வெள்ளி பிரிப்பவர்களிடம் எடைக்குப் போயின. பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்தது. நல்ல காரியம், ஆனால் அதற்குள் போனது போனதுதான்.

அதனால் ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவை உறையில் போட்டு ஆல்பத்தோடு கொடுத்துவிடுகிறேன். பீரோவில் வைக்கலாம், ஆனால் ஈரச் சுவரை ஒட்டிய பக்கம் வேண்டாம். மெல்லிய பிவிசி உறைகளில் வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். காகித உறை போதும். என்றாவது திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது. உடனே ஸ்கேன் செய்யுங்கள், மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

அப்பா அம்மா கல்யாணக் கலர் படங்கள் சிவந்துவிட்டன. பழையபடி ஆகுமா?

பிரிண்ட் பழையபடி ஆகாது. அந்தக் காலத்துக் கலர் பேப்பரில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மெல்ல மங்கும், மிச்சமிருக்கும் சிவப்பும் மஞ்சளும் மேலோங்கும். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் நிறத்தைப் பெரும்பாலும் மீட்கலாம். அதே வீட்டில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாகவே இருக்கும், அதில் இருப்பது சாயமல்ல, வெள்ளி.

படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே கொண்டுவாருங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்து மேலிருந்து நகல் எடுக்கலாம்.

இந்த வேலைக்கு எப்போது வரலாம்?

ஆடியிலும் மார்கழியிலும். முகூர்த்தம் இல்லாத மாதங்கள், கை ஓய்வாக இருக்கும். ஆல்பத்தைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துவாருங்கள். படத்தின் பின்னால் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் துடைக்காதீர்கள், அதையும் சேர்த்து ஸ்கேன் செய்துவிடலாம். யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தால் இன்னும் நல்லது, மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடுங்கள்.